பள்ளிக்குப் பிறகு என்ன? அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான கல்லூரிப் படிப்பு

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோருக்கு, பள்ளிக்காலம் முடியும்போதுதான் பெரிய கவலை தொடங்குகிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இப்பிள்ளைகளுக்கு 21 வயது வரை அரசுப் பள்ளியில் இலவசக் கல்வி உண்டு. அதன்பின் வீட்டோடு முடங்குவதே பலரின் நிலையாக இருந்தது. இதை மாற்றிவரும் கல்லூரித் திட்டங்களை அங்கு வாழும் நம் குடும்பங்கள் அறிந்திருப்பது அவசியம்.

சட்டம் தந்த வாய்ப்பு

2008-ஆம் ஆண்டின் உயர்கல்வி வாய்ப்புச் சட்டம் ஒரு திருப்புமுனை. வழக்கமான பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், மத்திய கல்வித்துறை அங்கீகரித்த திட்டத்தில் சேரும் மாணவர் 'பெல்' உதவித்தொகை பெறலாம். இது குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கிடைப்பது. திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. மத்திய அரசின் மாணவர் கடன் மட்டும் இதில் கிடையாது. குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்போருக்கும் இவ்வுதவி உண்டு. வேலை விசாவில் இருப்போரின் பிள்ளைகளுக்குப் பொதுவாக இல்லை.

இன்று 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இத்திட்டங்கள் நடைபெறுகின்றன. கிளெம்சன், ஜார்ஜ் மேசன், வாண்டர்பில்ட், சிராக்யூஸ் ஆகிய பல்கலைக்கழகங்கள் அவற்றுள் சில. மாசசூசெட்ஸ் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் 'திங்க் காலேஜ்' மையம் முழுப் பட்டியலைப் பராமரிக்கிறது.

என்ன கற்பிக்கிறார்கள்?

அங்கீகாரம் பெற்ற திட்டத்தில் கல்வி நேரத்தில் பாதியளவாவது மற்ற மாணவர்களுடன் சேர்ந்து கற்க வேண்டும் என்பது விதி. வகுப்பறைப் பாடத்துடன் சமையல், பேருந்துப் பயணம், பணத்தைக் கணக்குப் பார்த்துச் செலவிடுதல், வேலைப் பயிற்சி ஆகியவையும் உண்டு. சக மாணவர்கள் துணையாக இருப்பார்கள். முடிவில் பெரும்பாலும் கிடைப்பது சான்றிதழ், பட்டம் அல்ல. "பட்டம் இல்லாத படிப்பு எதற்கு?" என்று உறவினர்கள் கேட்கக்கூடும். பெற்றோரின் காலத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை யாரை நம்பி வாழும் என்ற கேள்வியை எண்ணிப் பார்த்தால், தானே சமைத்து, தானே வேலைக்குப் போய்வரக் கற்பதன் அருமை புரியும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பள்ளியில் இருந்த தனிநபர் கல்வித் திட்டம் கல்லூரிக்குத் தொடராது. பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டப் பாதுகாப்பு மட்டுமே தொடரும். தேவையான உதவியை மாணவரே கேட்டுப் பெற வேண்டும். கல்லூரியில் சேர்ந்ததும் கல்விப் பதிவேடுகள் மீதான உரிமை மாணவருக்குப் போய்விடும். எனவே பெற்றோர் விவரம் கேட்டால், பிள்ளையின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இருக்கிறதா என்றே கல்லூரி பொதுவாகப் பார்க்கும்.

பிள்ளைக்கு 16 வயதாகும்போது பள்ளியின் திட்டத்தில் அடுத்த கட்டத்திற்கான ஏற்பாடு இடம்பெற வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்திலேயே கல்லூரி பற்றிக் கேட்டுவிடுங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அரசு அங்கீகாரம், மொத்தக் கட்டணம், விடுதி வசதி, படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் ஆகிய நான்கையும் விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் முன், பிள்ளைக்கு என்ன விருப்பம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். படிக்கப்போவது அவர்தான்.