19-உம் 41-உம்: கட்டத்தாளில் 53 ஆண்டுத் தேடல்

1970 அக்டோபரில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் தம் கணிதப் பத்தியில் ஒரு புதிய ஆட்டத்தை அறிமுகப்படுத்தினார். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஜான் கான்வே வகுத்த அந்த ஆட்டத்துக்கு ஆட்டக்காரரே தேவையில்லை. எல்லையற்ற கட்டத்தாள் ஒன்று. ஒவ்வொரு கட்டமும் உயிருடன் இருக்கும் அல்லது இறந்து கிடக்கும். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் இரண்டோ மூன்றோ உயிருடன் இருந்தால் உயிருள்ள கட்டம் அடுத்த தலைமுறைக்குப் பிழைக்கும். சரியாக மூன்று உயிருடன் இருந்தால் இறந்த கட்டம் பிறக்கும். மற்ற எல்லா நிலைகளிலும் இறப்பே. விதி இவ்வளவுதான். 'கேம் ஆஃப் லைஃப்' என்ற பெயரில் பரவிய இவ்வாட்டமே செல்லுலார் ஆட்டோமேட்டா என்னும் துறையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது.

இந்த விதியின்கீழ்ச் சில வடிவங்கள் அழிந்துபோகின்றன. சில அசையாமல் உறைகின்றன. சில குறிப்பிட்ட தலைமுறைகளுக்கு ஒருமுறை தம் பழைய உருவத்துக்கே திரும்புகின்றன. மூன்றாம் வகைக்கு அலைவி என்று பெயர். திரும்புவதற்கு எடுக்கும் தலைமுறைகளின் எண்ணிக்கை அதன் அலைவுக் காலம். வரிசையாக மூன்று உயிர்க்கட்டங்களை வைத்தால் அவை கிடையாகவும் செங்குத்தாகவும் மாறிமாறித் தோன்றும். அதன் அலைவுக் காலம் 2. 'பிளிங்கர்' எனப்படும் இதுவே எல்லா அலைவிகளிலும் எளியது.

கான்வே குழுவினர் தொடக்கத்தில் கணினியின்றியே இவற்றை ஆராய்ந்தனர். 'கோ' ஆட்டத்தின் பலகையும் காய்களும் அவர்களுக்குக் கருவிகளாயின. 1970-இலேயே அலைவுக் காலம் 3 உடைய 'பல்சார்', 15 உடைய 'பென்டாடெகத்லான்', சைமன் நார்ட்டன் கண்ட 8 உடைய 'ஃபிகர் எய்ட்' ஆகியவை கிடைத்துவிட்டன. (விண்மீன் பல்சார் 1967-இல் அதே கேம்பிரிட்ஜில்தான் கண்டறியப்பட்டது.) அதே ஆண்டு நவம்பரில் எம்.ஐ.டி.யின் பில் காஸ்பர் 30 தலைமுறைக்கு ஒருமுறை ஒரு 'கிளைடரை' வெளியேற்றும் துப்பாக்கியைக் கண்டுபிடித்தார். எந்த வடிவமும் வரம்பின்றி வளராது என்ற கான்வேயின் ஊகத்தைத் தகர்ப்பவருக்கோ மெய்ப்பிப்பவருக்கோ அறிவிக்கப்பட்டிருந்த 50 டாலர் பரிசு அவர் குழுவுக்குச் சென்றது.

அலைவிகள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர ஒரு கேள்வி தானாகவே எழுந்தது: எல்லா முழு எண்களுக்கும் அலைவி உண்டா? கேள்வியில் ஒரு நிபந்தனை மறைந்துள்ளது. பிளிங்கரையும் பல்சாரையும் ஒன்றையொன்று தொடாதவாறு அருகருகே வைத்தால் அந்தத் தொகுதி 6 தலைமுறைக்கு ஒருமுறை மீளும். ஆனால் அதில் எந்தக் கட்டமும் 6 என்ற காலத்தில் துடிப்பதில்லை. ஆகவே ஒரு கட்டமாவது முழு அலைவுக் காலத்தையும் தன்னளவில் கொண்டிருந்தாலே அதை மெய்யான அலைவி என ஏற்பது வழக்கம்.

பெரிய எண்கள்தாம் கடினமானவை என்று எண்ணுவது இயல்பு. வரலாறு அதற்கு நேர்மாறானது. சிறிய அலைவுக் காலங்களைக் கணினித் தேடல் வழியாகப் பிடிக்க முடிந்தது. பார்க்க வேண்டிய தலைமுறைகள் குறைவு என்பதே காரணம். பெரிய அலைவுக் காலங்களோ தேடப்படவில்லை, கட்டப்பட்டன. கிளைடர் என்பது நான்கு தலைமுறைக்கு ஒரு கட்டம் வீதம் மூலைவிட்டமாக நகரும் ஐந்து கட்ட வடிவம். அதைத் திருப்பிவிடும் அமைப்புகளை நான்கு மூலைகளில் நிறுத்தினால் அது வளையமாகச் சுற்றும். வளையத்தின் நீளத்தைக் கூட்டியும், அதில் ஓடும் கிளைடர்களின் எண்ணிக்கையை மாற்றியும் வேண்டிய அலைவுக் காலத்தைப் பெறலாம். ஒரே தடை, திருப்பும் அமைப்பு அடுத்த கிளைடரை ஏற்குமுன் பழைய நிலைக்கு மீண்டிருக்க வேண்டும் என்பது. அந்த மீட்சிக் காலமே இம்முறையின் கீழெல்லை.

1996-இல் டேவிட் பக்கிங்காம் கிளைடருக்குப் பதிலாக 'ஹெர்ஷல்' என்ற ஏழு கட்ட வடிவத்தைத் தடங்களில் ஓடவிட்டு, 61-உம் அதற்கு மேற்பட்ட எல்லா அலைவுக் காலங்களும் இயலும் எனக் காட்டினார். அவ்வடிவம் யுரேனஸ் கோளின் குறியீட்டை ஒத்திருப்பதால் அக்கோளைக் கண்ட வானியலாளரின் பெயரைப் பெற்றது. முடிவிலி எண்ணிக்கையிலான வினாக்கள் இந்த ஒரே பணியால் தீர்ந்தன. 2000-ஆம் ஆண்டு வாக்கில் எஞ்சியவை பன்னிரண்டு அலைவுக் காலங்களே. 2013-இல் மைக் பிளேல் கண்ட 'ஸ்நார்க்' என்னும் திருப்பி 43 தலைமுறைகளில் மீண்டது. கீழெல்லை 43-க்கு இறங்கியது. அதுவரை விடுபட்டிருந்த 43-உம் 53-உம் ஒரே அடியில் நிரம்பின.

இதற்குப் பின்னும் கிடைக்காதிருந்த 19, 23, 38, 41 போன்றவை ஒரு இடைநிலத்தில் சிக்கியிருந்தன. முழுமையாகத் தேடித் தீர்க்க அவை மிக நீண்டவை. பொறியமைப்பாகக் கட்ட மிகக் குறுகியவை. ஆகவே மூன்றாவது வழி ஒன்று வலுப்பெற்றது. கொந்தளிக்கும் ஒரு சிறு வடிவத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றிலும் நிலையான துண்டுகளையோ சிறு அலைவிகளையோ நிறுத்தி, அது சிதறாமல் தன் தொடக்க நிலைக்கே தள்ளப்படுமாறு செய்வது. எந்தத் துண்டு எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கோடிக்கணக்கான அமைவுகளில் கணினி சோதிக்கும். தேடும் நிரல்களை எழுதியோரிலும் இயக்கியோரிலும் பெரும்பாலோர் இதை ஊதியத்துக்காகச் செய்தவர்களல்லர். பல்கலைக்கழகத் துறைகள் இதை ஆய்வுப் பொருளாக ஏற்கத் தயங்கிய பத்தாண்டுகளில் இக்கேள்வியை உயிருடன் வைத்திருந்தவர்கள் இவர்களே. கான்வேயின் பெயரோடு மட்டும் இவ்வரலாற்றை முடித்துவிடும் பாடநூல்கள், உழைப்பின் பெரும்பகுதியைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகின்றன. அந்தப் புகழில் கான்வேக்கே முழு மகிழ்ச்சி இருந்ததில்லை. குலக் கோட்பாட்டிலும் சர்ரியல் எண்களிலும் தாம் செய்த பணியை இவ்வாட்டம் மறைத்துவிட்டது என்ற மனக்குறை அவருக்கு நெடுங்காலம் உண்டு.

2019-இல் 23 கிடைத்தது. 2020 ஏப்ரலில் கொரோனாத் தொற்றால் கான்வே மறைந்தார். அவர் காலத்திலேயே உடன் பணியாற்றிய நார்ட்டன் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். அடுத்து 38 நிரம்பியது. 2023 ஜூலையில் மிட்செல் ரைலி 19-ஐயும் நிக்கோ பிரவுன் 41-ஐயும் கண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் எழுவர் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இவ்வாட்டம் எல்லா அலைவுக் காலங்களையும் கொண்டது என அறிவித்தது. புதிய அலைவிகளை விளக்குவதோடு நில்லாமல், முன்னோர் யார் எந்த உத்தியைக் கண்டனர் என்ற வரலாற்றையும் அக்கட்டுரை விரிவாகப் பதிவு செய்கிறது.

பெயர்களிலும் இத்தேடலின் சுவடு உண்டு. 23-க்கான அலைவி, 23 கணிதச் சிக்கல்களை முன்வைத்த டேவிட் ஹில்பர்ட்டின் பெயரைத் தாங்குகிறது. 19-க்கான அலைவி 'கிரிபேஜ்'. அப்பெயருள்ள சீட்டாட்டத்தில் ஒரு கைச் சீட்டுகளால் 19 புள்ளிகளைப் பெறவே இயலாது. 41-க்கான அலைவிக்கு இத்தகைய பெயர் அமையவில்லை. உயிர்க்கட்டங்கள் மிகக் குறைந்திருக்கும் தலைமுறையில் அவற்றின் எண்ணிக்கையையும் அலைவுக் காலத்தையும் இணைத்து, அது '204பி41' என்றே குறிக்கப்படுகிறது.