வெயில் தேடி வருவோரும் நாமும்

ஆண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் கடுங்குளிர். வெயிலை நாடிப் புறப்படும் அந்நாட்டு மக்கள் தேர்ந்தெடுக்கும் இடங்களுள் நம் கெடா மாநிலத்து லங்காவியும் ஒன்று. இதன் காரணத்தை நாம் இன்று பார்ப்போம்.

நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானு கரைகளில் பெருமழையைக் கொட்டுகிறது. இடையிலுள்ள மலைத்தொடர் அம்மழையைத் தடுப்பதால், கெடாவில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். கிழக்குக் கடல் கொந்தளிக்கும்போது லங்காவிக் கடல் அமைதியாக இருக்கிறது.

இக்காற்றை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். சோழர் கடாரம் என்றழைத்த இக்கரைக்கு வந்த தமிழ் வணிகர், தாயகம் திரும்பப் பாய் விரித்தது இக்காற்றை நம்பியே. பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்கள் அந்தக் கடல் வாணிகத்தை நமக்கு நினைவூட்டுகின்றன.

பிறகு ரப்பர் வந்தது. இதே வறட்சியில் பால்மரம் இலையுதிர்த்தது. மங்கில் பால் குறைந்தது. எடைக்குக் கூலி பெற்றவர் வீட்டில் அடுப்புச் செலவும் சுருங்கியது. சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு இது விடுமுறைக் காலமன்று, சிக்கனக் காலம்.

லங்காவி 1987-இல் தீர்வையற்ற தீவாயிற்று. 2007-இல் யுனெஸ்கோ ஆதரவு பெற்ற புவிப்பூங்காவாயிற்று. இன்று குவாலா கெடாவில் நம் பிள்ளைகளும் படகேறுகிறார்கள். மகிழ்ச்சியே! ஆயினும், பிறர் தேடி வரும் இந்த வெயில்தான் நம் பெற்றோரின் கூலியைக் குறைத்த வெயில் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வைப்போம்.