தவறு நோயாளிமேல் விழாதிருக்க: நெஞ்சு நோய் மருத்துவர்கள் பாடம் கற்ற கதை

இந்த அரங்கில் எனக்குத் தரப்பட்ட தலைப்பு, நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கான பாவனைப் பயிற்சி. அது டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம், நமக்கென்ன என்று சிலர் இந்நேரம் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். நம் வீட்டில் ஒருவர் இரண்டு மாதமாக இருமுகிறார். கிளினிக்கிற்கு அழைத்துப் போகிறோம். அவரைப் பார்த்ததும் மருத்துவரின் மனத்தில் முதலில் தோன்றும் நோயின் பெயர் எது? அந்தப் பெயர் முதலில் தோன்றும்படி அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார், எந்த நோயாளியை வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள்? அதைத்தான் பேசப் போகிறோம்.

நம் நாட்டில் அந்த முதல் பெயர் பெரும்பாலும் காசநோய்தான். அதில் பிழை இல்லை. 2023-ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 26 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்குக் காசநோய் கண்டறியப்பட்டது. சிலாங்கூரில் பணியாற்றும் மருத்துவர் காசநோயை நினைக்காமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் நுரையீரல் புற்றுநோயும் இருமலோடுதான் வருகிறது. அதுவும் உடலை மெலிய வைக்கிறது, சளியில் இரத்தம் காட்டுகிறது, எக்ஸ்ரே படத்தில் நிழலாய் விழுகிறது. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பாருங்கள்: நுரையீரல் புற்றுநோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். காரணங்கள் பல. ஆரம்பத்தில் அந்நோய் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. நாமும் இருமலுக்குக் கசாயம் குடித்துக்கொண்டு காலம் கடத்துகிறோம். ஒரு நோயை இன்னொரு நோயாக வாசித்துவிடுவதும் அந்தக் காரணங்களில் ஒன்று.

காசநோய் மருத்துவமனையில் காசநோய் இல்லாதவர்கள்

இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. 1940-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் ஃபிரிமொட்-மொல்லர் என்ற மருத்துவரும் பார்ட்டன் என்பவரும் ஒரு விந்தையை எழுதி வைத்தார்கள். காசநோயாளி என்று அனுப்பப்பட்டவர்களில் சிலருக்குக் காசநோயே இல்லை. இரவில் வாட்டும் இருமல் இருந்தது, இளைப்பு இருந்தது, எக்ஸ்ரேயில் புள்ளிப் புள்ளியாக நிழலும் இருந்தது. சளியிலோ காசநோய்க் கிருமி கிடைக்கவில்லை. இரத்தத்தில் மட்டும் ஈசினோபில் என்ற ஒருவகை வெள்ளணு அளவுக்கு மீறிப் பெருகியிருந்தது. 1943-இல் வைன்கார்ட்டன் என்பவர் இதற்கு 'வெப்பமண்டல ஈசினோபிலியா' என்று பெயரிட்டார். பெயர் கிடைத்தது, நோயின் காரணம் கிடைக்கவில்லை.

அந்தக் காரணத்தைத் தேடியவர்களில் முன்னணியில் நின்றவர் டாக்டர் தம்பு ஜான் தனராஜ். இந்தப் பெயரை நம் இளைய தலைமுறை அறியாமல் இருப்பது எனக்கு வருத்தமே. சிங்கப்பூரில் பணியாற்றிய அவர், இந்நோய் கண்டவர்களை ஒவ்வொருவராக எடுத்து ஆராய்ந்தார். அவர்களில் மிகப் பலர் இந்தியர்கள். யானைக்கால் நோய்ப் புழுவைக் கொல்லும் மருந்து இந்த இருமலையும் அடக்குகிறது என்பதை 1958-இல் எழுதினார். 1966-இல் வெளிவந்த ஆய்வில், நோயாளிகளின் நுரையீரலிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகளில் அந்தப் புழுவின் நுண்ணிய குஞ்சுகளையே அவரும் அவருடைய சகாக்களும் காட்டிவிட்டார்கள். கொசு கொண்டுவந்த நோய் காசநோயாக வேடம் போட்டிருந்திருக்கிறது! அந்த ஆய்வில் உடன் பங்கேற்ற நோய்க்கூற்று நிபுணர் கே. சண்முகரத்தினம், பின்னாளில் சிங்கப்பூர் புற்றுநோய்ப் பதிவகத்தை நிறுவியவர். 2023-இல் சிங்கப்பூர் அதிபரான தர்மனின் தந்தை.

ஒரு நோயாளி, ஒரு படம், ஒரு சதைத் துணுக்கு என்று பொறுமையாகச் சேர்த்துத்தான் அந்தத் தவறான பெயரைத் திருத்த முடிந்தது. இதே தனராஜ்தான் 1962-இல் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் முதல் டீன் ஆனார். அது நாட்டின் முதல் மருத்துவக் கல்லூரி. கூடவே ஒரு போதனா மருத்துவமனையும் எழுந்து, 1967-இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் வாசிகளுக்கு எட்டும் தூரத்தில், லெம்பா பந்தாயில் நிற்கும் அந்தப் 'பல்கலைக்கழக மருத்துவமனை'க்குப் போகாத குடும்பம் நம்மில் குறைவு. பாடப்புத்தகம் ஒரு கையில், நோயாளியின் கட்டில் மறு பக்கம் என்ற முறையில் டாக்டர்கள் அங்கே உருவானார்கள்.

யாருடைய உடம்பில் படித்தார்கள்?

கட்டிலருகே படிப்பது சிறந்த முறைதான். ஆனாலும் அதன் விலையை நாம் பேசுவதில்லை. உலகெங்கும், எந்தப் போதனா மருத்துவமனையிலும், மாணவர்கள் சூழ்ந்து நின்று தட்டிப் பார்த்ததும் முதல் ஊசியைப் போட்டுப் பழகியதும் ஏழைகளின் உடம்பில்தான். தனி அறை எடுத்தவரை யாரும் அப்படிச் சூழ்ந்து நிற்பதில்லை. நம் ஊரில் அந்த மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்திருந்தவர்களில் தோட்டப்புறத்து மக்களும் உண்டு. தோட்டத்து டிரசர் கொடுத்த இருமல் மருந்தைக் குடித்துக் குடித்து, முடியாமல் போன பிறகு பட்டணத்துக்கு வந்தவர்கள் அவர்கள்.

இந்த விலையைக் குறைக்க முடியாதா என்று யோசித்தவர்களின் வரலாறுதான் பாவனைப் பயிற்சியின் வரலாறு. 1910 வாக்கில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரிச்சர்ட் கேபட் என்பவர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். இறந்துபோன ஒரு நோயாளியின் விவரத்தை, முடிவைச் சொல்லாமல் மற்றொரு மருத்துவரிடம் கொடுப்பார்கள். அவர் சபையறிய யோசித்து, இன்ன நோய் என்று சொல்ல வேண்டும். பிறகு பிரேதப் பரிசோதனை செய்தவர் எழுந்து உண்மையை உடைப்பார். நோயாளி ஏற்கனவே போய்விட்டவர்; டாக்டர் எவ்வளவு தவறினாலும் யாருக்கும் கேடில்லை. நம்மூர்ப் பட்டிமன்றம் போலத்தான், ஆனால் இங்கே நடுவர் பிணவறையிலிருந்து வருகிறார்.

1963-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இன்னும் ஒரு படி போனார். நல்ல உடம்புள்ள ஒருவருக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்து மாணவர்கள் முன் உட்கார வைத்தார். ஹாலிவுட் மருத்துவக் கல்லூரிக்குள் புகுந்துவிட்டது என்று கேலி செய்தார்கள். கேலி நிலைக்கவில்லை. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ரொனால்ட் ஹார்டன், மேசைக்கு மேசை நகர்ந்து செய்து காட்டும் தேர்வு முறையை அறிமுகப்படுத்திய பிறகு, நடிப்பு நோயாளி இல்லாத மருத்துவக் கல்லூரியைக் காண்பது அரிதாகிவிட்டது. 1992-இல் தொடங்கி இன்று புக்கிட் ஜாலிலில் இயங்கும் அனைத்துலக மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் சாதாரணப் பொதுமக்கள் அப்படிப் பயிற்சி பெற்று நடிக்கிறார்கள்.

கிள்ளான் அம்மாவின் இருமல்

சரி, நுரையீரல் புற்றுநோய்க்கு இது எதற்கு? ஏனென்றால் அந்த நோயைப் பற்றிய பாடமே மாறிவிட்டது. புகைப்பதற்கும் அதற்கும் உள்ள உறவை 1950-இல் பிரிட்டனின் டாலும் ஹில்லும் நிலைநாட்டினார்கள். அன்றிலிருந்து டாக்டர்களின் மனத்தில் பதிந்த படம், வாயில் சிகரெட்டோடு இருக்கும் வயதான ஆண். 2004-இல் வேறொன்று தெரியவந்தது. புகைக்காதவர்களுக்கு, குறிப்பாக ஆசியப் பெண்களுக்கு வரும் இந்தப் புற்றுநோயில் பெரும்பகுதி, ஒரு மரபணு மாற்றத்தால் இயங்குகிறது. அதற்குத் தனி மாத்திரை உண்டு. மலேசியாவும் பங்கேற்ற ஓர் ஆசிய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அந்த மாற்றம் உள்ளவர்களுக்குக் கீமோவைவிட மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. மாற்றம் இல்லாதவர்களுக்கு அதே மாத்திரை கீமோவைவிட மோசம் என்று அது காட்டியது. ஆகவே ஆளைப் பார்த்து மருந்து கொடுக்கும் காலம் போய்விட்டது. ஐம்பது வயதில் இருக்கும் ஒரு மருத்துவர் தான் படித்ததை மறந்து புதிதாகப் படிக்க வேண்டும். எதை வைத்துப் படிப்பார்?

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் வசிக்கும் 56 வயது அம்மா. புகைத்ததே இல்லை. இரண்டு மாத இருமல், நான்கு கிலோ எடை குறைவு. எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் மேல்பகுதியில் நிழல். சளியை மூன்று முறை சோதித்தும் காசநோய்க் கிருமி இல்லை. கணினித் திரை கேட்கிறது: அடுத்து என்ன செய்வீர்கள்?

பயிற்சி பெறும் மருத்துவர், 'எதற்கும் இருக்கட்டும், காசநோய் மருந்தைத் தொடங்குவோம்' என்று தட்டுகிறார். திரை அவரைத் திட்டுவதில்லை. நாள்காட்டி இரண்டு மாதம் நகர்கிறது. அம்மா மறுபடி வருகிறார். நிழல் பெருத்திருக்கிறது, குரல் கம்மிவிட்டது, கழுத்தில் ஒரு கட்டி. உண்மையில் இரண்டு மாதம் கழித்துத் தெரிய வேண்டியது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. திரும்பிப் போய், சிடி ஸ்கேனும் சதைத் துணுக்குப் பரிசோதனையும் கேட்கிறார். புற்றுநோய் என்று வருகிறது. உடனே கீமோவா, மரபணுச் சோதனை முடிவு வரும்வரை காத்திருப்பதா? எடுத்த துணுக்கு அந்தச் சோதனைக்குப் போதுமா, அம்மாவை இன்னொரு முறை குத்த வேண்டுமா? ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பின்விளைவு திரையில் விரிகிறது. கடைசியில் மூத்த மருத்துவரோடு உட்கார்ந்து, 'நீங்கள் ஏன் முதலில் அப்படி நினைத்தீர்கள்?' என்ற பேச்சு. பயிற்சியின் உயிர் இந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

இதற்குக் கோடிக்கணக்கில் செலவழித்து இயந்திரம் வாங்க வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டுப் பழக ரப்பர் பொம்மை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். யோசிக்கப் பழக, நன்றாக எழுதிய ஒரு காகிதக் கேஸும் நேரம் ஒதுக்கும் ஓர் ஆசானும் போதும். கேபட்டிடம் கணினி இருக்கவில்லை. தனராஜிடமும் இருக்கவில்லை. கணினி நோயாளிக்கு ஒரு குறையும் உண்டு: வெட்கப்பட்டுப் பாதியை மறைக்க அதற்குத் தெரியாது. இரத்தமாய்த் துப்பியதை மகனிடம்கூடச் சொல்லாத அம்மாக்கள் நம்மிடையே எத்தனை பேர்!

அதனால்தான் நடிக்கும் மனிதர் இன்னும் தேவைப்படுகிறார். புற்றுநோய் என்ற செய்தியைச் சொல்லப் பழகும் பயிற்சியில் இது நன்றாகத் தெரியும். நம் குடும்பங்களில் நடப்பதையே பாடமாக வைக்கலாம். மகன் முந்திக்கொண்டு வந்து, 'அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டாங்க' என்கிறார். உள்ளே போனால் அம்மா, 'எனக்கு என்னான்னு நீங்களாச்சும் சொல்லுங்க டாக்டர்' என்கிறார். டாக்டருக்குத் தமிழ் அரைகுறை. மொழிபெயர்க்க நிற்பவரோ அதே மகன். இந்த இக்கட்டுக்குத் திரையில் தட்ட பொத்தான் கிடையாது. இளம் மருத்துவர் திணறுகிறார், ஏதோ சொல்கிறார், சில நேரம் தவறாகவும் சொல்கிறார். நேரம் முடிந்ததும் நோயாளியாக நடித்த அம்மா வேடத்தைக் கலைத்துவிட்டு அவரிடம் திரும்புகிறார்: நீங்கள் பேசும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை, மகனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று சொல்கிறார்.