லீட் ஸ்க்ரூ வந்த வழி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தூத்துக்குடியில் விசைப்படகுகள் கரையேறியதும் லேத் பட்டறைகளில் கூட்டம் கூடிவிடும். உப்புத் தண்ணீர் தின்ற புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுமந்து வந்து, “அண்ணாச்சி, நட்டு நிக்க மாட்டேங்கு” என்பார்கள். தேய்ந்த மரையின் மேல் வெல்டு வைத்து, கடைந்து, புது மரை வெட்ட வேண்டும்.

லேத்தின் முன்பக்கம், பெட்டுக்குக் கீழே இரண்டு தண்டுகள் நீளவாக்கில் ஓடும். நெடுக ஒரு காடி மட்டும் வெட்டிய வழுவழுப்பான தண்டு ஃபீட் ராடு. உடம்பெல்லாம் மரை ஏறியது லீட் ஸ்க்ரூ. ஷாஃப்டைச் சும்மா கடைய ஃபீட் ராடு போதும். நகர்வு இம்மியளவு முன்பின் ஆனாலும் பரப்பு கொஞ்சம் சொரசொரக்கும், அவ்வளவுதான். மரைக்கு அந்தச் சலுகை கிடையாது. 2 மில்லிமீட்டர் மரை என்றால், ஷாஃப்டைப் பிடித்துச் சுற்றும் சக் ஒரு சுற்று வந்தால் டூல் சரியாக 2 மில்லிமீட்டர் போயாக வேண்டும். அடுத்த வெட்டிலும் அதே பள்ளத்தில் விழ வேண்டும். அதனால்தான் டூலை நகர்த்தும் ஹாஃப் நட்டின் இரண்டு பாதிகளும் லீட் ஸ்க்ரூவை இறுகக் கவ்விக்கொள்கின்றன.

ஒரு திருகிலிருந்துதான் இன்னொரு திருகு பிறக்கிறது. அப்படியானால் முதல் திருகு எங்கே பிறந்தது? கையாலும் அரத்தாலும் மரை போட்ட நாளில் ஒரு போல்ட்டின் நட்டு இன்னொரு போல்ட்டுக்குச் சேராது. பன்னிரண்டு வயதில் உல்விச் ஆயுதச் சாலையில் தோட்டாவுக்கு மருந்து அடைக்கப் போன ஹென்றி மாட்ஸ்லே, 1800-ஐ ஒட்டி லண்டனில் லீட் ஸ்க்ரூவையும் மாற்றுப் பல்சக்கரங்களையும் இரும்பு லேத்தில் ஒன்றாகப் பொருத்தினார். அவருக்கு முன்பும் சிலர் முயன்றதுண்டு. ஆனால் பட்டறைக்காரன் நம்பிப் பிழைக்கும் இயந்திரமாக அது நிலைத்தது அவர் கையில்தான். 5 அடி நீளத்தில், அங்குலத்துக்கு 50 மரை உள்ள திருகு ஒன்றையும் அவர் வெட்டியிருக்கிறார். தோணி ஓடிய ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மார்க் புரூனல் வடிவமைக்க, பிரிட்டிஷ் கடற்படைப் பாய்க்கப்பல்களுக்குக் கப்பி செய்யும் இயந்திரங்களைக் கட்டிக் கொடுத்தவரும் மாட்ஸ்லேதான். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841-இல் மரைக்குப் பொது அளவு வகுத்தார்.

அந்த வழியில் வந்த லேத், ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர், கோவையில் பி.எஸ்.ஜி., பெங்களூரில் எச்.எம்.டி. என்று நம் மண்ணிலேயே உருவாகத் தொடங்கியது. கூடவே அங்குலமும் வந்து சேர்ந்தது. மெட்ரிக் அளவுக்கு 1956-இல் சட்டம் வந்தும், பழைய லேத் பலவற்றில் லீட் ஸ்க்ரூ இன்றும் அங்குலத்துக்கு 4 மரைதான், அதாவது ஒரு சுற்றுக்கு 6.35 மில்லிமீட்டர். அதை வைத்து 2 மில்லிமீட்டர் மரை வெட்டுவது எப்படி? 2-ஐ 6.35-ஆல் வகுத்தால் 40-க்கு 127. சக்கைச் சுற்றும் ஸ்பிண்டில் பக்கம் 40 பல் சக்கரம், லீட் ஸ்க்ரூவில் 127 பல் சக்கரம். நடுவில் வரும் சக்கரம் இரண்டையும் தொட்டுக்கொண்டால் போதும், கணக்கை மாற்றாது. அங்குலத்தையும் மில்லிமீட்டரையும் துளிப் பிசகில்லாமல் சேர்த்துவைக்கும் அந்த 127 பல் சக்கரம் எனக்குப் பெரிய அதிசயம். ஒன்றே ஒன்று, இந்த வேலையில் பாதியில் ஹாஃப் நட்டைத் திறந்துவிடக் கூடாது. டூலை வெளியே இழுத்து, மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித்தான் தொடக்கத்துக்கு வர வேண்டும்.

அவசரத்தில் சிலர் எல்லா வேலைக்கும் லீட் ஸ்க்ரூவையே ஓட்டுகிறார்கள். மனசு பொறுக்கவில்லை. பெரும்பாலான வேலை சக்குக்குப் பக்கத்திலேயே நடப்பதால் அந்த இடம் முதலில் தேயும். அந்தத் தேய்மானம், பிறகு வெட்டும் ஒவ்வொரு மரையிலும் இறங்கும்.

கடைசி வெட்டு முடிந்ததும் மரையில் எண்ணெய் தடவி நட்டைக் கையால் ஏற்றிப் பார்ப்பார்கள். ஆட்டமில்லாமல், நடுவில் எங்கும் பிடிக்காமல், விரலாலேயே கடைசிவரை போய் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் ஷாஃப்ட் படகுக்குப் போகும். ஜூன் 15 விடியலில் கடலுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.