டீம் ஆர்டர்

கார் பந்தயத்தில் ஒரே அணியின் இரண்டு ஓட்டுநர்களில் யார் முன்னே போவது, யார் வழிவிடுவது என்று அணி நிர்வாகம் போடும் கட்டளை. ஃபார்முலா ஒன்னில் ஓட்டுநருக்கு ஒரு பட்டம், அணிக்கு வேறொரு பட்டம். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

தொடக்கத்தில் யாரும் இதை ஒளித்ததில்லை. 1956இல் மோன்சாவில் ஃபெராரி ஓட்டுநர் ஃபாஞ்சியோவின் கார் பழுதானபோது, அதே அணியின் முசோ தன் காரைத் தர மறுத்தார். தனக்கே பட்டம் வெல்லும் வாய்ப்பு இருந்த இன்னொரு சக ஓட்டுநர் காலின்ஸ் மனமுவந்து இறங்கிக் கொடுத்தார். பட்டம் ஃபாஞ்சியோவுக்குப் போனது.

2002 மே 12 அன்று ஆஸ்திரியாவில் இறுதிக் கோட்டருகே ஃபெராரியின் பாரிகெல்லோ, அணியின் கட்டளைப்படி வேகத்தைக் குறைத்து சக ஓட்டுநர் ஷூமேக்கரை முன்னே விட்டார். ரசிகர்கள் கூச்சலிட்டார்கள், அடுத்த ஆண்டு டீம் ஆர்டருக்குத் தடை வந்தது. 2010இல் ஹாக்கன்ஹைமில், அலோன்சோ உன்னைவிட வேகமாக வருகிறார் என்று மாசாவிடம் ரேடியோவில் சொன்னதற்காக ஃபெராரிக்கு 1,00,000 டாலர் அபராதம். ஜாடையாகச் சொல்வதைத் தடுக்க முடியாமல் 2011இல் தடையையே நீக்கிவிட்டார்கள். காகிதத்தில் மட்டும் இருந்த விதி போனதில் நஷ்டமில்லை.

அணிக்கும் ஓட்டுநருக்கும் கணக்கு வேறு என்பதற்கு ஓர் இந்திய உதாரணம் உண்டு. கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன், அதே ஊரின் எஸ். கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி காரில் பந்தயம் பழகியவர். 2005 ஜூன் 19 அன்று இண்டியானாபோலிஸில் டயர் பிரச்சினையால் 14 கார்கள் ஒதுங்க, ஆறு மட்டுமே ஓடின. ஜோர்டான் அணியில் மொன்டெய்ரோ மூன்றாவது, நரேன் நான்காவது. இருவரும் இடம் மாறியிருந்தாலும் அணிக்கு அதே 11 புள்ளிதான். ஆனால் மூன்றாமிடம் என்றால் பரிசு மேடை, நான்காமிடம் என்றால் வெறும் ஐந்து புள்ளி. நரேன் எடுத்த ஃபார்முலா ஒன் புள்ளிகள் மொத்தமே அவ்வளவுதான். ஃபார்முலா ஒன்னில் மேடையேறிய இந்திய ஓட்டுநர் இன்றுவரை இல்லை.

விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா அணியில் கதை தலைகீழ். 2017இல் மான்ட்ரியலில், முன்னே போகும் ரிக்கார்டோவை விரட்ட சக ஓட்டுநர் ஓகானுக்கு வழிவிடும்படி அணி சொன்னதை பெரெஸ் கேட்கவில்லை. அந்த இழுபறியில் வெட்டல் இருவரையும் தாண்டிப் போனார். பாகுவில் இருவரும் இடித்துக்கொண்டார்கள், பெல்ஜியத்தில் ஒரே பந்தயத்தில் இரண்டு முறை. அதன்பின், இனி இருவரும் ஒருவரோடொருவர் போட்டியிடக் கூடாது என்று அணி உத்தரவிட்டது. அந்த ஆண்டு 187 புள்ளிகளுடன் நான்காமிடம் பிடித்தது. அணி மல்லையாவின் கையைவிட்டுப் போன பிறகு, 2018 சிங்கப்பூரில் முதல் சுற்றிலேயே பெரெஸ் இடித்து ஓகான் சுவரில் மோத, அதே உத்தரவு மறுபடி வந்தது.