நீக்கம் எதை நீக்குகிறது? தரவுத்தளத் திரட்டுச் செயற்கூறுகள் குறித்து

100 ரூபாய் 10 விழுக்காடு ஏறி, பிறகு 10 விழுக்காடு இறங்கினால் கையில் நிற்பது 99. கூட்டுச் சராசரியைக் கேட்டால் மாற்றமே இல்லை என்று சொல்லும். இங்கே வேண்டியது பெருக்குச் சராசரி. எஸ்கியூஎல்லின் பழைய ஐந்து திரட்டுச் செயற்கூறுகள் எண்ணும், கூட்டும், சராசரி எடுக்கும், சிறியதையும் பெரியதையும் காட்டும், பெருக்காது. ஆகவே நிரலர் தாமே ஒன்றை எழுதிச் சேர்க்கிறார். எழுதுவது எளிது. எழுதியதை நீக்குவதில்தான் சிக்கல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பைத்தானிலிருந்து எஸ்கியூலைட் தரவுத்தளத்தை இயக்கும்போது, இரண்டு செயல்முறைகள் கொண்ட ஓர் இனக்குழு போதும். 'ஸ்டெப்' வரிசை வரிசையாக மதிப்பை வாங்கிச் சேர்த்துவைக்கும். 'ஃபைனலைஸ்' முடிவில் விடையைத் தரும். பெயர், செயலுருபுகளின் எண்ணிக்கை, இனக்குழு ஆகிய மூன்றையும் 'கிரியேட் அக்ரிகேட்' அழைப்பில் கொடுத்தால் வரையறை முடிந்தது.

நீக்குவதற்குத் தனி அழைப்பு கிடையாது. அதே அழைப்பில், இனக்குழுவின் இடத்தில் 'நன்' என்று தர வேண்டும். சிக்கனமான வடிவமைப்புதான், ஆனால் வழுக்கும் இடமும் அதுவே. எஸ்கியூலைட் ஒரு செயற்கூறைப் பெயரால் மட்டும் அடையாளம் காண்பதில்லை, செயலுருபு எண்ணிக்கையையும் சேர்த்தே பார்க்கிறது. எத்தனை வந்தாலும் ஏற்கும்படி -1 என்று வரையறுத்துவிட்டு 1 என்று நீக்கினால், பிழைச்செய்தி வராது, செயற்கூறும் போகாது. வினவல் ஓடிக்கொண்டிருக்கையில் நீக்க முயன்றால் மட்டும் தரவுத்தளம் மறுக்கிறது.

இதைவிட ஆழமான கேள்வி, வரையறை எங்கே வாழ்கிறது என்பது. எஸ்கியூலைட் தனிச் சேவையகம் அல்ல; நம் நிரலுக்குள்ளேயே இயங்கும் நூலகம். செயற்கூறின் உடல் நிரலின் நினைவகத்தில், அதை வரையறுத்த இணைப்போடு மட்டும் இருக்கிறது, தரவுக் கோப்பில் ஏறுவதில்லை. அந்தச் செயற்கூறைப் பயன்படுத்தும் 'வியூ' ஒன்றை, அதாவது பெயரிட்டுச் சேமித்த வினவலை, உருவாக்கினாலோ, அது கோப்பில் பதிந்துவிடும். இன்னொரு இணைப்பு அதே கோப்பைத் திறந்து அந்த வியூவை வினவும்போது, அப்படியொரு செயற்கூறு இல்லை என்ற பிழைதான் கிடைக்கும். உருவாக்கும் நேரத்தில் யாரும் எச்சரிப்பதில்லை.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் இதற்கு நேர் எதிர். அங்கே வரையறை தரவுத்தளத்தின் சொந்தப் பட்டியலில் அமர்கிறது. எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதும் பதிவாகிறது. 'டிராப் அக்ரிகேட்' கட்டளைக்குப் பெயரோடு செயலுருபுகளின் தரவினத்தையும் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் பிழை வரும். ஒரு வியூ அதை நம்பியிருந்தால் நீக்கம் மறுக்கப்படும். 'கேஸ்கேட்' என்று வற்புறுத்தினால் வியூவும் சேர்ந்தே போகும்.

வியூ இப்படி உடைவதை எஸ்கியூலைட்டின் குறை என்று தீர்ப்பது நியாயமன்று. நிரலின் நினைவகத்தில் உள்ளதைக் கோப்பு எப்படிக் காக்கும்? இணைப்பு மூடியதும் செயற்கூறு தானே மறைந்துவிடுவதால், பெரும்பாலான நிரல்களுக்கு நீக்கமே தேவைப்படாது. குறை நம் பழக்கத்தில் இருக்கிறது: இணைப்போடு சாகும் ஒன்றை, கோப்போடு வாழும் வியூவுக்குள் எழுதிவைக்கிறோம். அத்தகைய கணக்கை வியூவில் வைக்காமல் நிரலின் வினவலில் வையுங்கள். நீக்கியே ஆக வேண்டுமென்றால், நீக்கியபின் அந்தப் பெயரை ஒருமுறை அழைத்து, பிழை வருகிறதா என்று பாருங்கள்.