சாவி தந்த நாடு: போர்ச்சுகல் வரலாறும் நம் கடற்கரையும்

வீட்டைப் பூட்டிச் சாவியுடன் பள்ளிவாசலுக்குப் புறப்படுகிறோம். அந்தச் ‘சாவி’ போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்ற சொல். சன்னல், அலமாரி, மேசை ஆகியவையும் அவ்வாறே. அவர்கள் யார்? நம் சமுதாயத்தோடு அவர்களுக்கு என்ன தொடர்பு? சற்றே சிந்திப்போம்.

ஐரோப்பாவின் தென்மேற்குக் கோடியில் உள்ள போர்ச்சுகல் பல நூற்றாண்டுகள் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. கி.பி. 711இல் தொடங்கிய அவ்வாட்சி, லிஸ்பனில் 1147இலும் தென்பகுதியான அல்கார்வில் 1249இலும் முடிவுற்றது. அல்கார்வ் என்ற பெயரே ‘மேற்கு’ எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் திரிபாகும். நல்லது நடக்க வேண்டுமென விரும்பும்போது போர்ச்சுக்கீசியர் இன்றும் ‘ஒஷாலா’ என்கின்றனர். அந்த அரபு வழிச் சொல்லில் அல்லாஹ்வின் திருப்பெயர் ஒலிக்கிறது.

1498 மே மாதம் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டை அடைந்தார். அரபு வணிகரும் மாப்பிள்ளைமாரும் மரைக்காயர்களும் நடத்தி வந்த மிளகு வாணிபத்தைக் கைப்பற்றுவதே போர்ச்சுக்கீசியரின் நோக்கம். 1502இல், மக்காவிலிருந்து பயணிகளுடன் திரும்பிய கப்பலைக் கொள்ளையிட்டுத் தீக்கிரையாக்கினார் காமா. தங்கள் ‘கர்த்தாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல்களை அவர்கள் பறிமுதல் செய்தனர். அச்சொல்லும் காகிதத்தைக் குறிக்கும் ‘கிர்தாஸ்’ என்ற அரபுச் சொல்லே!

இக்கொடுமைகளை ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் ‘துஹ்ஃபதுல் முஜாஹிதீன்’ என்ற அரபு நூலில் பதிவு செய்தார். சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள் அவர்களை எதிர்த்து நின்றனர். நம் குமரிமுனையைச் சுற்றிக் கிழக்கே சென்ற மரைக்காயர் படை, 1538இல் மண்டபம் அருகே வேதாளையில் தோல்வியுற்றது. நான்காம் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். இந்து மன்னரின் கடற்படையில் முஸ்லிம் வீரர்கள் போரிட்ட வரலாறு இது.

போர்ச்சுக்கீசியரின் ஆதிக்கமும் நிலைக்கவில்லை. 1658இல் தூத்துக்குடியை டச்சுக்காரரிடம் இழந்தனர். 1961இல் கோவாவும் இந்தியாவோடு இணைந்தது.

1544இல் பிரான்சிஸ் சவேரியார் நம் கடலோர ஊர்களில் சமயப்பணி செய்தார். கோட்டாற்றில் அவர் பெயரால் பேராலயம் உள்ளது. அவர் வழிவந்த சமயத்தைப் பின்பற்றும் மீனவ மக்கள் நம் அண்டை வீட்டார். காமா மூட்டிய தீக்கு அவர்கள் எவ்வகையிலும் பொறுப்பாளிகள் அல்லர். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடலாகாது என்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த பாடம்.

ஆகவே, அநீதியை மறவாமல் நம் பிள்ளைகளுக்குக் கூறுவோம். பகையை மட்டும் அவர்களுக்குச் சொத்தாக விட்டுச் செல்லாதிருப்போம்.